நகத்தால் ஒரு தட்டு

மீட்டர் வாசிக்கிறவனுக்கு
எல்லாக் கேற்றும் திறக்கும்.
பில் எழுதுகிற ஒரு நிமிடத்தில்
யன்னலால் எட்டி
கண்ணாடி அலுமாரியைப் பார்த்துவிடுவேன்.

குடிப்பதில்லை. இதைச் சொன்னால்
டொக்யார்ட் வீதித் தவறணையில் சிரிக்கிறார்கள்:
விஸ்கிக் கிளாஸ் சேர்க்கிற ஆள்
வெறும் தேத்தண்ணி குடிக்குதாம்.
என்ன செய்ய, சீனி வருத்தம்.

முதலாவது, உவர்மலையில்
மிஸிஸ் ஒக்கேர்ஸ் வீட்டு மேசையில்
பேனை, கத்தரிக்கோல், ஒரு பின்னல் ஊசி
செருகியபடி நின்றது.
கேட்டேன். ஆயிரம் என்றார்.
பிறகு ஊசியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு
எண்ணூறு போதும் என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும்
ரஃபியுதீன் நானாவின் பழைய இரும்புக் கடையில்,
செத்த பற்றறிக்கும் சைக்கிள் றிம்முக்கும் நடுவே.
நானா நிறுத்துத்தான் கொடுத்தார்.
கண்ணாடிக்கு இவ்வளவு பாரமா என்று
தராசைத் தட்டிப் பார்த்தார்.

ஈயம், நானா. உருக்கும்போதே கலப்பார்கள்.
காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினதுபோல என்கிறோமே,
அதே ஈயம்தான். இப்போது கேளுங்கள்:
விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு.

ணங்ங் என்று எழும்பி,
கடை வாசலில் குப்பை மேய்ந்த மான்
(எங்கள் ஊர் மான், பொலித்தீன் தின்கிற மான்)
காதைத் திருப்பும்வரை நின்றது.

"இந்த ஊரில ஈயம்
வேற சத்தம் போட்டதுதான் எனக்குத் தெரியும்"
என்றார் நானா.
காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

நாலாவதின் விளிம்பில் அரிசிமணி அளவு உடைவு.
கண்ணுக்குப் படாது, பெருவிரலுக்குப் படும்.
ஐந்தாவதை என் பிறந்தநாளுக்கு
மனைவி கொழும்பில் வாங்கிவந்தாள்.
அச்சில் வார்த்த போலி. பக்கவாட்டில் பொருத்துக்கோடு.
தட்டினால் டக்.
வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.
சொல்லவில்லை.

ஆறாவதை உப்புவெளியில் கண்டேன்.
திறந்த கதவுக்கு நேரே
மாலை போட்ட ஒரு படம்,
படத்துக்கு முன்னால், தண்ணீரோடு,
என் கிளாஸ்.

என் என்று மனம் சொன்ன வேகம்
இப்போதும் கூசுகிறது.
அதே விசிறி வெட்டு. அடியில்
அதே பதினாறு முனை நட்சத்திரம்,
ஒரு முனை மட்டும் கொஞ்சம் நீண்டு.
சக்கரத்தில் பிடித்தவனுக்கு அன்று
யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

படத்தில் இருபது வயதுப் பெடியன்.
மீட்டரில் பத்தொன்பது யூனிட்.

ஏழு மாதம் கேட்கவில்லை.
எட்டாம் மாதம் சிவமலர் அக்கா
(பில்லில் இன்னும் புருஷன் பெயர்தான்)
"மீட்டர் வெளியிலதானே கிடக்கு,
நீங்கள் ஏன் உள்ளுக்குப் பார்க்கிறீங்கள்?" என்றார்.

பொய் வரவில்லை.
"அந்தக் கிளாஸ்…"

தண்ணீரைச் செவ்வரத்தையடியில் ஊற்றினார்.
சட்டைக் கரையால் துடைத்தார்.
விலை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.
சட்டைப்பையில் கை போய்விட்டது.

"சின்னனில உவன் நாள் முழுக்க இதுதான்,
எனக்குத் தலையிடிக்கும்" என்றபடி
நகத்தால் ஒரு தட்டு.

சத்தம் நின்ற பிறகும்
இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு குழாயைத் திறந்து பாதிக்கு நிரப்பி
இன்னொரு தட்டு.
தடித்த குரல். மகரக்கட்டு உடைந்த
பெடியனின் குரல்.

"இது பெரியாளானாப் பிறகு" என்றார்.
கொண்டுபோய்ப் படத்தின் முன் வைத்தார்,
விளிம்புவரை நிரப்பி.

பில்லை நீட்டினேன். கணக்குப் பார்த்தார்,
போன மாதத்தைவிட இரண்டு ரூபாய் கூட என்றார்.
ஓம், கூடத்தான்.

ஆறாவது எங்கே என்று நானா கேட்டால்
விலை படியவில்லை என்பேன்.